மொழிபெயர்க்காமல் விட்ட மாட்டுக்கறி

பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டுக்காரர் வந்தால் என்ன நடக்கும் என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலில் மாக்கோலம். ரெண்டு பக்கமும் வாழைமரம். தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. பட்டுப்பாவாடை கட்டிய நாலு பெண்பிள்ளைகள் பன்னீர் தெளிப்பார்கள். நெற்றியில் பொட்டு வைத்ததும் விருந்தாளி சிரிப்பார், போட்டோ எடுப்பார்கள். குத்துவிளக்கு, ஒரு பரதநாட்டியம், தமிழர் விருந்தோம்பல் பற்றித் தலைமையாசிரியர் பேச்சு. பிறகு விருந்தாளி தன் நாட்டைப் பற்றிச் சொல்வார்: பனி, சைக்கிள், கேக், பண்டிகை. கடைசியில் வாழையிலையில் சைவச் சாப்பாடு. மறுநாள் பத்திரிகையில் ‘மாணவர்களுடன் கலாச்சாரப் பரிமாற்றம்’ என்று ஒரு செய்தி, மாலையோடு ஒரு படம்.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் அரசுப் பள்ளி, மிஷன் பள்ளி, மெட்ரிக் பள்ளி என்ற பேதமில்லாமல் நடக்கிற சடங்கு இது. பரிமாற்றம் என்றால் ரெண்டு கை வேண்டும். அவர் தன்னிடம் உள்ளதைக் கொடுக்கிறார், நாம் நம்மிடம் உள்ளதைக் கொடுக்கிறோம். சரி, இந்த ‘நாம்’ யார்? இந்தக் குத்துவிளக்கும் பட்டுப்பாவாடையும் சைவச் சாப்பாடும் எந்தத் தெருவிலிருந்து வந்தன? வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் அதில் எத்தனை பேர் காலில் சலங்கை ஏறியிருக்கிறது? கேட்டால், ‘கலை விழாவிலகூட சாதி பாக்குறான் பாரு’ என்பார்கள். பார்ப்பது யார் என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

2019 ஜனவரி, பொங்கல் லீவுக்கு முந்தின வாரம். சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஒரு பள்ளிதான் கெட்டது, மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும். என் அக்கா மகள் அங்கே ஏழாவது படித்தாள். பெற்றோரையும் வரச்சொல்லியிருந்தார்கள். அக்கா கழனி வேலைக்குப் போய்விட்டதால் நான் போனேன். விருந்தாளிகள் டென்மார்க்கிலிருந்து வந்தவர்கள், ரெண்டு அம்மாக்கள், ஒரு இளைஞர்.

நான் போவதற்குள் வேலை பிரித்தாகிவிட்டது. பெஞ்சு தூக்குவது, மண்ணில் தண்ணீர் தெளிப்பது, விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கின கழிவறையைக் கழுவுவது எல்லாம் எங்க தெருப் பசங்க. பன்னீர், பூங்கொத்து, நடனம் எல்லாம் ஊர்ப் பிள்ளைகள். யாரும் ‘சாதிவாரியா நில்லுங்க’ என்று சொல்லவில்லை. அதெல்லாம் பழைய காலம். ‘பட்டுப்பாவாடை இருக்கிறவங்க மட்டும் கை தூக்குங்க’ என்று முந்தின நாள் டீச்சர் கேட்டாராம், அவ்வளவுதான். சாதியை உச்சரிக்காமலே சாதி பிரிக்கத் தெரிந்த வாக்கியம் அது. இப்படி நூறு வாக்கியங்கள் நம் பள்ளிக்கூடங்களில் புழக்கத்தில் இருக்கின்றன. ‘நல்லாப் பேசுற பிள்ளைங்க’, ‘பாக்க லட்சணமா இருக்கிற பிள்ளைங்க’, ‘சுத்தமா வர்ற பிள்ளைங்க’.

மூத்த அம்மா படம் போட்டுக் காட்டிக்கொண்டே பேசினார். பனியில் அவர் வீடு, அவர் நாய், அவர் பாட்டி. பாட்டி சமையலுக்கு வந்தார். அரைத்த மாட்டுக்கறியைத் தட்டை மாதிரி தட்டி வறுத்து, மேலே வதக்கின வெங்காயத்தைப் போட்டு, அவித்த உருளைக்கிழங்கோடு சாப்பிடுவோம் என்று இங்கிலீஷில் சொன்னார். மொழிபெயர்த்த சார் ஒரு நொடி நின்றார். பிறகு சொன்னார்: ‘அவங்க ஊர்ல வெங்காயம், உருளைக்கிழங்கு போட்டு ஒரு கூட்டு செய்வாங்களாம். ரொம்ப ருசியா இருக்குமாம்.’

கடைசி வரிசையில் ஒரு பையன். அவனுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ஒரு சொல் தெரியும், தள்ளுவண்டிக் கடைப் பலகையில் தினம் படிக்கிற சொல். எழுந்து நின்றான். ‘சார், பீப்புன்னு சொன்னாங்க சார். எங்க வூட்லயும் ஞாயித்துக்கெழம செய்வாங்க.’

எங்க தெருப் பிள்ளைகள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கல்லுக்கு அப்பால் இருந்து வந்த ஒரு வெள்ளைக்கார ஆயா எங்க ஆயா சமைக்கிறதைச் சமைக்கிறாள்! சார் சிரித்த முகம் மாறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, ‘உக்காருடா’ என்றார். அந்தம்மா ‘பையன் என்ன சொல்கிறான்’ என்று கேட்டார். ‘உங்கள் நாட்டைப் பார்க்க ஆசைப்படுகிறானாம்’ என்று மொழிபெயர்ப்பு நடந்தது. அந்தம்மா கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கலாச்சாரப் பரிமாற்றம் என்று ஒன்று அன்றைக்கு உண்மையாகவே நடக்க இருந்தது. அந்தப் பையனுக்கும் அந்தம்மாவுக்கும் நடுவில். அதை நடக்கவிடாமல் தடுத்தது மொழி தெரியாமை இல்லை. மொழி தெரிந்த ஒருவர் நடுவில் நின்றார், அதுதான் தடுத்தது. சார் கெட்டவர் இல்லை. பாடம் நன்றாக நடத்துவார் என்று என் அக்கா மகளே சொல்லியிருக்கிறாள். அவரைப் பொறுத்தவரை அவர் பள்ளியின் மானத்தைக் காப்பாற்றினார். நம் வீட்டு அடுப்பு எப்படி அவருக்கு மானக்கேடு ஆனது என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் நடந்தது. மாடி வராந்தாவிலிருந்து அந்த இளைஞர் எங்க தெருவைக் காட்டி ‘அது என்ன’ என்று கேட்டார். ‘காலனி’ என்றார் ஒருவர். டென்மார்க்காரருக்குக் காலனி என்றால் வேறு அர்த்தம் அல்லவா, புருவத்தைத் தூக்கினார். உடனே ‘ஹவுசிங் காலனி’ என்று திருத்தம் வந்தது. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த இளைஞரின் புருவம் ஆறு வருஷத்துக்கு முன்னாடியே அந்தச் சொல்லைச் சரியாகத்தான் புரிந்துகொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. என் அக்கா மகளுக்கு அது சந்தோஷமான நாள். ‘அந்தம்மா என் கையப் புடிச்சிக் குலுக்குனாங்க மாமா’ என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் பிள்ளைகளுக்குத் தொடுதல் சின்ன விஷயம் இல்லை. பெயர் கேட்டு, தெரு கேட்காமல், அப்பன் பெயர் கேட்காமல், கையை நீட்டின முதல் பெரிய மனுஷி அவர். ஆகவே வருகிற விருந்தாளி மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு இலை போட்டவர்கள் மேல்தான் கோபம்.

ஆனால் விருந்தாளிக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. ‘உங்கள் கலாச்சாரத்தை மதிக்கிறேன்’ என்று அவர் சொல்கிறாரே, அந்த வாக்கியத்துக்கு நம் மாவட்டத்திலேயே வயசு நூற்று எழுபதுக்கு மேல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லைப்சிக் மிஷனுக்குத் தலைவராக இருந்தவர் கார்ல் கிரால். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் என்று நம் தமிழறிஞர்கள் தலைமேல் தூக்கி வைப்பார்களே, அவரேதான். சாதியை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, அது இந்த மக்களின் சமூக வழக்கம், அதை உடனே உடைக்கக் கூடாது, பொறுத்துப் போகவேண்டும் என்று நின்றவர் அவர். தேவாலயத்தில் ஒரே பாத்திரத்தில் குடிக்க மாட்டேன் என்கிறவனையும் பொறுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அது அவன் ‘பண்பாடு’! அதே மிஷனில் இருந்த கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் இதை ஏற்கவில்லை. சண்டை போட்டு வெளியேறி, 1861இல் பண்ருட்டி பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே ஒரு மிஷன் தொடங்கினார். பிறகு டேனிஷ் மிஷன் அவரோடு வந்து சேர்ந்தது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கிற ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வழியில் வந்தது. அந்தத் திருச்சபைக்குள் சாதி ஒழிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள், அது தனிக்கட்டுரை.

நான் சொல்ல வருவது வேறு. விருந்தாளி ரெண்டு விதம். ஒருவர், இங்கே கண்ணில் படுவதெல்லாம் இவர்கள் பண்பாடு, நான் யார் குறை சொல்ல என்று கைகட்டி நிற்பவர். இன்னொருவர், இதில் யார் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பவர். கிராலுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஓக்ஸை விட நன்றாகவே தெரிந்திருக்கலாம். மொழியும் இலக்கியமும் தெரிந்துவிட்டால் மக்களைத் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பரங்கிப்பேட்டையில் இன்னொரு கதை இருக்கிறது, இது கொஞ்சம் சிக்கலானது. ஆன் மேரி பீட்டர்சன் என்ற டென்மார்க் அம்மையார் 1909இல் இங்கே வந்தார். மிஷன் பள்ளிகள் இந்தியப் பிள்ளைகளை அரைகுறை அய்ரோப்பியர்களாக ஆக்குகின்றன என்று அவருக்குப் பட்டது. ஒரு சமூகம் தன் சொந்த மொழியில், தன் சொந்தப் பாட்டில், தன் சொந்தக் கதையில் கல்வி பெறவேண்டும் என்ற குருண்ட்விக்கின் கருத்து அவர் நாட்டில் பிறந்தது. அதை எடுத்துக்கொண்டு மிஷனை விட்டுப் பிரிந்தார். 1917இல் காந்தியின் சபர்மதி ஆசிரமம் போய்ப் பார்த்தார். 1921இல் காந்தியே பரங்கிப்பேட்டைக்கு வந்து அவர் தொடங்கவிருந்த பெண்கள் பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார். சேவாமந்திர் என்ற பெயர் அப்படி வந்தது. சாகும்வரைக்கும் இங்கேயே இருந்தார். வெள்ளைக்காரத் திமிரைக் கழற்றி வைத்துவிட்டு வந்த பெண்மணி, அதில் சந்தேகமில்லை. கதர் கட்டினார், அரசாங்கத்தின் சந்தேகத்தையும் சம்பாதித்தார்.

ஆனால் ‘சொந்தப் பண்பாடு’ என்று அவர் கையை நீட்டியபோது அந்தக் கையில் வந்து விழுந்தது எது? ஆசிரமம், ராட்டை, சைவம், சேவை. காந்தியிடமிருந்து வாங்கிய இந்தியா அது. சேரியிடம் கேட்டு வாங்கியது அல்ல. டென்மார்க்கில் குருண்ட்விக் ‘மக்கள்’ என்று சொன்னபோது குடியானவனைச் சொன்னார். இங்கே ‘மக்கள்’ என்று கேட்டால், கேட்டவருக்கு முதலில் வந்து பதில் சொல்கிறவன் சாதி இந்துவாகத்தான் இருப்பான். அவனுக்குத்தான் நாற்காலி, அவனுக்குத்தான் இங்கிலீஷ், அவன் வீட்டுக்குத்தான் திண்ணை. அன்றைக்கும் சரி, 2019லும் சரி, மொழிபெயர்க்கிறவன் கையில்தான் பண்பாடு இருக்கிறது.

சிதம்பரத்துக்கு வாங்க. வெளிநாட்டு விருந்தாளிக்கு இந்த ஊரில் காட்ட ஒரே ஒரு இடம்தான் இருப்பது போலக் கூட்டிப்போவார்கள். பிரபஞ்ச நடனம், பொற்கூரை, ரகசியம். 1981இலிருந்து நடக்கிற நாட்டியாஞ்சலிக்கு வெளிநாட்டுப் பெண்களே வந்து ஆடுகிறார்கள். ஆடட்டும், நன்றாகவே ஆடுகிறார்கள். ஆனால் 1930கள் வரைக்கும் சதிர் என்று பெயர் வைத்து, ஆடிய பெண்களை ஊர் ஏசியதையும், பிறகு வேறு வீட்டுப் பெண்கள் ஆடத் தொடங்கியதும் அதே ஆட்டம் தெய்வீகம் ஆனதையும் அவர்களுக்கு யார் சொன்னது?

நந்தன் கதையை மட்டும் கட்டாயம் சொல்வார்கள். ‘தாழ்த்தப்பட்ட ஒருவரையும் நாயனாராக்கிய மதம்’ என்று. தீயில் இறங்கி, பூணூலோடு எழுந்து வந்த பிறகுதான் உள்ளே விட்டார்கள் என்பதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். கேட்கிற வெள்ளைக்காரரும் கண்கலங்குவார். இதுவும் புதிதில்லை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேற உதவியவரே காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரிதான். அந்தக் கீர்த்தனையில் வருகிற பண்ணையார் வேதியர் பெரியபுராணத்தில் கிடையாது, பாரதி சேர்த்தது. பாவம், பிரெஞ்சுக்காரர் ரசித்தார். நந்தனின் சேரியில் அன்றைக்கு எத்தனை பேர் பண்ணையடிமை என்று அவர் கேட்டாரா தெரியவில்லை, அவர் வருவாய் அதிகாரி, கேட்டிருந்தால் கணக்கு கிடைத்திருக்கும்.

கதை கேட்ட கையோடு 2022 பிப்ரவரியில் கனகசபை மேல் ஏறித் தரிசனம் செய்யப்போன ஒரு தலித் பெண்ணுக்கு என்ன நடந்தது என்று விருந்தாளிக்குச் சொல்வார்களா? தீட்சிதர்கள் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானதைச் சொல்வார்களா? அதே சிதம்பரத்துக்குப் பக்கத்தில் புவனகிரி ஒன்றியம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர், தலித் பெண், கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் நாடெங்கும் பரவியதே. மற்றவர்களுக்கெல்லாம் நாற்காலி. விருந்தாளிக்கு முதலில் தேடி எடுத்துப் போடுகிற அதே பிளாஸ்டிக் நாற்காலி.

கோயிலுக்குப் போகிற வழியில் ஓமக்குளம் இருக்கிறது. அங்கே நந்தனார் பள்ளி இருக்கிறது. சாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கி, ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவந்து, சோறு போட்டு, படிக்க வைத்த இடம். தென்னார்க்காட்டில் படித்த முதல் தலைமுறைத் தலித்துகளில் பாதிப் பேரைக் கேட்டால் அந்தப் பெயரைச் சொல்வார்கள். நந்தனைத் தீயில் இறக்கின ஊரில், நந்தன் பெயரால் பள்ளிக்கூடம் கட்டினார் ஒரு மனிதர். அந்த ஊரின் பண்பாட்டில் இதைவிடப் பெரிய சாதனை என்ன இருக்கிறது? ஆனால் ‘ஆதிதிராவிடர் நலம்’ என்று பலகை மாட்டின பள்ளிகளைக் கடந்து விருந்தாளியின் வண்டி போய்விடுகிறது. பலகையில் சாதி அடையாளம் வேண்டாம் என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. பலகை மாறலாம். வண்டி நிற்குமா?

இந்த ஒளிப்பு வாத்தியார்களின் கண்டுபிடிப்பு இல்லை, அரசாங்கமே கற்றுக்கொடுத்தது. 2001இல் டர்பனில் இனவெறிக்கு எதிரான அய்.நா. மாநாடு நடந்தது. சாதியைப் பற்றி அங்கே பேசவிடக் கூடாது என்று மல்லுக்கட்டியது இந்திய அரசு. இது எங்கள் உள்வீட்டு விவகாரம் என்றது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் அகமதாபாத்துக்கு வந்தபோது, வழியில் இருந்த குடிசைப் பகுதிக்கு முன்னால் சுவர் எழுப்பினார்கள். மறுநாள் அவர் மனைவி டெல்லியில் ஒரு அரசுப் பள்ளிக்குப் போனார், பிள்ளைகள் ஆரத்தி எடுத்து, பொட்டு வைத்து, நாட்டுப்புற நடனம் ஆடிக் காட்டினார்கள். சுவரும் நடனமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒன்று செங்கல்லால் செய்கிறது.

சுனாமி சமயத்தில் வேறுவிதமாக நடந்தது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரைக்கும் வெளிநாட்டுக்காரர் கால்படாத கடற்கரைப் பள்ளி கிடையாது. பொம்மை, பென்சில், பந்து. அழுத பிள்ளைகளைச் சிரிக்க வைத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் கடலில் தொழில் செய்கிறவர்தான் பாதிக்கப்பட்டவர் என்று பட்டியல் போட்டதில், கரையோரத்தில் கூலி வேலை செய்த தலித்துகளும் காலால் நண்டு தேடிப் பிழைத்த இருளர்களும் விடுபட்டார்கள். மனித உரிமை அமைப்புகள் அப்போதே எழுதின. விருந்தாளிக்குப் பட்டியலைக் கொடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். இதிலும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நின்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு மாதிரி அறிமுகம் செய்த தலைமையாசிரியர்களும் இந்த நாட்டில் இருந்திருக்கிறார்கள். 1937இல் மைசூருக்கு அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் பெஞ்சமின் மேஸ் வந்தார். தீண்டாதார் பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை எப்படி அறிமுகம் செய்தார் தெரியுமா? இவரும் அமெரிக்காவில் ஒரு தீண்டாதவர், படித்து உயர்ந்தவர் என்று பிள்ளைகளிடம் சொன்னார். மேஸுக்கு முதலில் தூக்கிவாரிப் போட்டது. யோசித்தபோது அது உண்மை என்று பட்டது. அவரிடம் படித்தவர் மார்ட்டின் லூதர் கிங். 1959இல் கிங் இந்தியாவுக்கு வந்தபோது திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் தனக்கும் இதே அறிமுகம் கிடைத்ததாக 1965இல் தன் சபையில் பிரசங்கித்தார். அமெரிக்காவிலிருந்து வந்த நம் சக தீண்டாதவர் என்று தலைமையாசிரியர் சொன்னாராம். முதலில் எரிச்சல் வந்தது, பிறகு தன் நாட்டில் அடைந்து கிடக்கிற ரெண்டு கோடிக் கறுப்பர்களை நினைத்துப் பார்த்தேன், ஆமாம் நான் தீண்டாதவன்தான் என்று ஒப்புக்கொண்டேன் என்றார்.

இதுதான் பரிமாற்றம். கோலம் இல்லை, சலங்கை இல்லை. ஒரு தலைமையாசிரியர் தன் பிள்ளைகளின் நிலைமையை ஒளிக்காமல் விருந்தாளியின் முகத்துக்கு நேரே சொன்னார். விருந்தாளி தன் நாட்டின் நிலைமையை அந்தச் சொல்லில் கண்டுபிடித்தார். அந்தப் பிள்ளைகளும், உலகத்தில் நாம் மட்டும் இல்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

உடனே நம் ஆட்களே சிலர், அப்படியானால் பரதநாட்டியத்துக்குப் பதில் பறை அடிக்கச் சொல்வோம் என்பார்கள். அவ்வளவு சுலபமில்லை தோழர்களே. தொண்ணூறுகளில் தலித் கலை விழாக்கள் நடந்தபோதே இந்தச் சண்டை ஓடியது. பறை நம் போர்க்கருவி என்றது ஒரு தரப்பு. பறையைத் தூக்கி எறிந்தால்தான் விடுதலை என்றது இன்னொரு தரப்பு. காட்டுமன்னார்கோயில் பக்கம் இளையபெருமாள் வழியில் வந்தவர்கள் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று நின்று, அதற்கான அடியையும் வாங்கினார்கள். பறையைக் கீழே போட்டதும் நம் பண்பாடுதான். இன்றைக்குப் பறை கல்லூரி விழாவுக்கெல்லாம் வந்துவிட்டது, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அடிக்கிறார்கள், நல்லது. ஆனால் விருந்தாளி வருகிற அன்று ‘காலனிப் பசங்கள அடிக்கச் சொல்லுங்க சார், அவங்களுக்கு ரத்தத்துலயே இருக்கு’ என்று ஒரு ஆசிரியர் சொன்னால், அது ஊர்த் திருவிழாவில் நாட்டாமை சொன்னதிலிருந்து எப்படி வேறு? நடனத்தை மாற்றுவது என் கோரிக்கை இல்லை. இளையபெருமாள் சின்ன வயதில் பள்ளியில் நம் பிள்ளைகளுக்கென்று தனியே வைத்திருந்த தண்ணீர்ப் பானையை உடைத்தவர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். பின்னாளில் தீண்டாமை பற்றி இந்தியா முழுக்க விசாரித்து 1969இல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைவரானவர் அவர். அந்தப் பானைக் கதையை ஒரு விருந்தாளிக்கு ஒரு பிள்ளை சொல்லட்டும். அதற்கு ஒத்திகை தேவையில்லை, பட்டுப்பாவாடையும் தேவையில்லை.

விருந்தாளியிடமும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. பனியும் கேக்கும் போதாது. டென்மார்க்காரர் வந்தால், 1951இல் கிரீன்லாந்திலிருந்து இருபத்திரண்டு இனுயிட் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய் டேனிஷ்காரர்களாக மாற்றப்பார்த்தீர்களே, அதற்கு உங்கள் பிரதமர் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டாராமே, அந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று நம் பிள்ளை கேட்க வேண்டும். கனடாக்காரர் வந்தால் பழங்குடிப் பிள்ளைகளை அடைத்துவைத்த உறைவிடப் பள்ளிகளைக் கேட்க வேண்டும். ஜப்பான்காரர் வந்தால் ஓரிகாமியோடு விட்டுவிடக் கூடாது. தோல் வேலையும் மாடறுப்பும் செய்ததால் ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களைக் கேட்க வேண்டும். 1871இலேயே அரசு ஆணை போட்டு ‘இனி எல்லோரும் சமம்’ என்று சொல்லியும், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது அந்த ஊர்ப் பெயரைத் தேடுகிறார்களாமே, எங்க ஊரிலும் அப்படித்தான் என்று சொல்ல வேண்டும். ஜெர்மானியர் தம் பிள்ளைகளை வதைமுகாம்களுக்கே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அங்கே பாடம் அதுதான். நம் பிள்ளைகளை வெண்மணிக்குச் சுற்றுலா கூட்டிப்போன பள்ளி எத்தனை?

‘பிஞ்சு மனசுல வெஷத்த வெக்கிறீங்க’ என்று சொல்வார்கள். கழிவறை கழுவச் சொன்னபோது அது பிஞ்சு மனசு இல்லையா? ‘விருந்தாளி முன்னாடி நம்ம வீட்டுச் சண்டையக் காட்டலாமா’ என்பார்கள். ஒரே வீடு என்றால் ஒரே அடுப்பில் சமைத்ததைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம். ‘நாட்டின் மானம்’ என்பார்கள். மாட்டுக்கறி என்ற சொல்லில் போய்விடுகிற மானம், தரையில் உட்காரவைத்த படத்தில் போகவில்லையா?

இதைப் படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் கடலூர்க் கல்லூரிகளிலும் நம் பிள்ளைகள் இப்போது இங்கிலீஷ் படிக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்கு வெளிநாட்டு விருந்தாளி வருகிற செய்தி தெரிந்தால், மொழிபெயர்க்க நான் வருகிறேன், காசு வேண்டாம், நான் இதே பள்ளியில் படித்தவன், படித்தவள் என்று தலைமையாசிரியருக்கு எழுதிக்கொடுங்கள். வண்டி ஓமக்குளம் வழியாக வரட்டும் என்றும் எழுதுங்கள். கடைசி வரிசைப் பிள்ளைகள் கேட்பதையும் மொழிபெயர்ப்பேன் என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். ஒப்புக்கொண்டால் போய் வேலையைப் பாருங்கள். முடியாது என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும் பதிலையும் நகலெடுத்து இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.